‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ நடனக் கலைஞர்களின் படப்பிடிப்புத் தள போட்டோக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1961-ல் வெளிவந்த ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’யின் ஒத்திகையிலும் படப்பிடிப்பிலும் எடுத்த போட்டோக்களைப் பல வருடங்களாகச் சேர்த்து வருகிறேன். நண்பர்களிடம் காட்டினாலும் நடனம் பயிலும் பிள்ளைகளிடம் காட்டினாலும் கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே தொகுத்திருக்கிறேன். குழப்பம் வராமலிருக்க, இதில் ‘படம்’ என்றால் சினிமா, ‘போட்டோ’ என்றால் புகைப்படம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“நான் அந்தப் படமே பார்த்ததில்லை. போட்டோவை ரசிக்க எவ்வளவு கதை தெரிஞ்சிருக்கணும்?”

கொஞ்சம் போதும். நியூயார்க்கின் மேற்குப் பகுதியில் இரண்டு இளவட்டக் கும்பல்கள். ஜெட்ஸ் என்பவர்கள் அங்கேயே பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரப் பையன்கள். ஷார்க்ஸ், கரீபியன் தீவான புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து குடிவந்தவர்கள். ஜெட்ஸ் கும்பலில் முன்பு இருந்த டோனிக்கும், ஷார்க்ஸ் தலைவன் பெர்னார்டோவின் தங்கை மரியாவுக்கும் காதல் வருகிறது. ரோமியோ ஜூலியட் கதை தெரு முனைக்கு வந்தால் எப்படியிருக்குமோ அப்படி. பெர்னார்டோவின் காதலி அனிதா, ஜெட்ஸ் தலைவன் ரிஃப், இந்த இரண்டு பெயர்களையும் நினைவில் வையுங்கள்.

1957 செப்டம்பர் 26 அன்று நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடையில் தொடங்கியது இது. இசை லியனார்ட் பெர்ன்ஸ்டைன், பாடல் வரிகள் ஸ்டீபன் சோண்ட்ஹைம், இயக்கமும் நடனமும் ஜெரோம் ராபின்ஸ். நான்கு வருடம் கழித்துப் படமானபோது ராபர்ட் வைஸும் ராபின்ஸும் சேர்ந்து இயக்கினார்கள். 10 ஆஸ்கர் விருதுகள் கிடைத்தன. போட்டோ பார்ப்பவருக்கு முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. இந்தப் படத்தில் நடப்பது, விரட்டுவது, முறைப்பது, குத்துவது எல்லாமே நடனம். அதனால் ஒரு போட்டோவில் சண்டை போடுகிறார்களா ஆடுகிறார்களா என்று சந்தேகம் வந்தால், இரண்டும்தான்.

“படத்தில இருந்து ஒரு காட்சியை நிறுத்தி எடுத்ததுதானே இதெல்லாம்? தனியா வேற போட்டோ எடுத்தாங்களா?”

தனியாகத்தான் எடுத்தார்கள். படப்பிடிப்புத் தளத்தில் ஸ்டில் போட்டோகிராபர் என்று ஒருவர் தன் கேமராவோடு சுற்றிக்கொண்டிருப்பார். அவர் எடுப்பவை மூன்று வகை. டேக் நடக்கும்போதே ஓரத்தில் நின்று எடுப்பது ஒன்று. டேக் முடிந்ததும் அதே உடையில், அதே வெளிச்சத்தில் கலைஞர்களை மறுபடி நிற்கவைத்து எடுப்பது இன்னொன்று. ஒத்திகை, மேக்கப், ஓய்வு என்று கேமரா ஓடாத நேரத்தில் எடுப்பது மூன்றாவது. போஸ்டரிலும் பத்திரிகையிலும் நாம் பார்த்தவற்றில் பெரும்பங்கு இரண்டாவது வகை. எனக்குப் பிரியமானது மூன்றாவது.

வித்தியாசம் கண்டுபிடிக்கச் சுலபமான வழி இருக்கிறது. இந்தப் படம் சூப்பர் பனாவிஷன் 70 என்ற அகலப் படச்சுருள் முறையில் எடுக்கப்பட்டது. திரையில் உயரத்தைப்போல் சுமார் 2.2 மடங்கு அகலம் இருக்கும். ஸ்டில் கேமராவின் சட்டகமோ சதுரமாக இருக்கும், அல்லது உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு அகலம் இருக்கும். தவிர, வினாடிக்கு 24 பிரேம் ஓடும் சினிமா கேமராவில் ஒவ்வொரு பிரேமும் பொதுவாக வினாடியில் 48-ல் ஒரு பங்கு நேரம் ஒளியை வாங்கும். வேகமாக வீசிய கை அந்த நேரத்துக்குள் இழுபட்டுவிடும். ஸ்டில் கேமராவில் அதைவிடப் பல மடங்கு வேகமாக ஷட்டரைத் திறந்து மூடலாம். துள்ளிய கால் விரல் வரைக்கும் துல்லியமாக இருந்தால் அது பெரும்பாலும் ஸ்டில்.

“யார் எடுத்த போட்டோ இதெல்லாம்?”

ஒருவர் அல்ல, பலர். ஸ்டுடியோ விளம்பரத்துக்காக எடுத்தவற்றில் பலவற்றுக்கு எடுத்தவர் பெயரே அச்சாகவில்லை. அது அன்றைய வழக்கம், வருத்தமான வழக்கம்.

பெயர் தெரிந்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் எர்ன்ஸ்ட் ஹாஸ். 1921-ல் வியன்னாவில் பிறந்தவர், மேக்னம் என்ற புகைப்படக்காரர்கள் குழுவைச் சேர்ந்தவர். வண்ணப் புகைப்படத்தைக் கலையாக மதிக்கவைத்தவர்களில் ஒருவர். 1962-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் அவருடைய வண்ணப் போட்டோக்களுக்குத் தனிக் கண்காட்சியே நடந்தது. ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’யின் தெருக் காட்சிகளை அவர் எடுத்த விதத்தைப் பற்றிக் கீழே கலங்கல் குறித்த கேள்வியில் சொல்கிறேன்.

இன்னொருவர் மார்த்தா ஸ்வோப். இவர் எடுத்தது படத்தை அல்ல, 1957 மேடை ஒத்திகையை. அமெரிக்கன் பாலே பள்ளியில் நடனம் பயின்றுகொண்டிருந்த பெண். ராபின்ஸ்தான் ஒத்திகைக்கு வந்து போட்டோ எடுக்கும்படி அழைத்தார். அவர் எடுத்த ஒன்று ‘லைஃப்’ பத்திரிகையில் வந்தது. அங்கிருந்து அமெரிக்க நடன உலகையே ஆவணப்படுத்தும் வாழ்க்கை அவருக்கு அமைந்தது. தானே ஆடத் தெரிந்தவர் என்பதால், எந்த நொடியில் உடல் முழுமையடைகிறது என்று அவருக்கு முன்கூட்டியே தெரியும். அந்த ஒத்திகைப் போட்டோக்களில் விரல் அழுத்தியது ஒரு ஆட்டக்காரியின் உடம்பு என்றுதான் எனக்குத் தோன்றும்.

“அந்தத் தெரு நிஜத் தெருவா, செட்டா?”

இரண்டும் கலந்தது. படத்தின் முதல் நடனம் நியூயார்க்கின் நிஜத் தெருவில் எடுத்தது. 1960 ஆகஸ்டில் படப்பிடிப்பு தொடங்கியது. மேற்கு 68-ஆம் தெருவில் ஆம்ஸ்டர்டாம் அவென்யூவுக்கும் வெஸ்ட் எண்ட் அவென்யூவுக்கும் இடைப்பட்ட பகுதி ஒரு இடம். கிழக்கு 110-ஆம் தெருப் பக்கம் இருந்த விளையாட்டுத் திடல் இன்னொரு இடம். திரையில் இரண்டும் ஒட்டிக் கிடப்பதுபோல் தெரியும். நிஜத்தில் நடுவே வெகுதூரம் இருக்கிறது. ‘அமெரிக்கா’ பாட்டின் மொட்டை மாடி, ‘கூல்’ பாட்டின் வண்டிக் கொட்டகை, நடனக் கூடம் எல்லாம் ஹாலிவுட் ஸ்டுடியோவுக்குள் போட்ட செட். கலை இயக்கம் போரிஸ் லெவன்.

68-ஆம் தெருவைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். போட்டோக்களில் பின்னணியைக் கவனியுங்கள். சன்னல்களுக்கு உள்ளே திரைச்சீலை இல்லை. படிக்கட்டில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. லிங்கன் சென்டர் என்ற பிரமாண்டமான கலை வளாகத்தையும் அதைச் சுற்றிப் புதுக் குடியிருப்புகளையும் கட்டுவதற்காக அந்தப் பகுதி முழுக்க இடிக்கத் தீர்மானித்திருந்தார்கள். 1959 மே மாதம் அதிபர் ஐசன்ஹோவர் வந்து மண்வெட்டியால் அடிக்கல் வேலையைத் தொடங்கிவைத்தார். 7,000-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அவர்களில் கறுப்பினத்தவரும் புவேர்ட்டோ ரிக்கர்களும் ஏராளம். யாருடைய தெரு இது என்று இரண்டு கும்பல் அடித்துக்கொள்ளும் கதையை, இருவருக்குமே இனி இல்லை என்றாகிவிட்ட தெருவில் எடுத்திருக்கிறார்கள். நடனக் கலைஞர்களின் தோளுக்குப் பின்னால் தெரியும் அந்தச் செங்கல் சுவர்கள் படக்குழு போன பிறகு அதிக நாள் நிற்கவில்லை.

“மூணு பேர் கையை விரிச்சுக் காலைத் தூக்கி நிற்கிற போட்டோ எல்லாருக்கும் தெரியும். நடுவில நிற்கிறவர் ஜார்ஜ் சக்கிரிஸ். மற்ற ரெண்டு பேர் யாரு?”

என்னிடம் கேட்கப்படுவதிலேயே நான் ஆசையோடு பதில் சொல்லும் கேள்வி. ஜே நார்மன், எடி வெர்சோ. கதையில் பெப்பே, ஹுவானோ. பக்கவாட்டில் நெஞ்சுக்கும் மேலே கால் எழும்பி நிற்க, மூன்று இடுப்புகளும் ஒரே கோட்டில் இருக்கின்றன. கீழே இருப்பது மரத்தளம் இல்லை, தார்ச்சாலை. பெர்னார்டோவாக நடித்த சக்கிரிஸுக்குச் சிறந்த துணை நடிகர் ஆஸ்கர் கிடைத்தது, அவர் பெயர் நிலைத்தது. அதே உயரத்துக்குக் கால் தூக்கிய இருவரும் போட்டோ விளக்கத்தில் ‘நடனக் கலைஞர்கள்’ ஆகிப்போனார்கள்.

இந்தப் படத்துக்கு அது கொஞ்சமும் பொருந்தாத விளக்கம். ராபின்ஸ் மேடையிலேயே வைத்த விதி, இதில் குரூப் டான்சர் என்று யாருமில்லை என்பது. பின்வரிசையில் நிற்கும் பையனுக்கும் பெயர் உண்டு, குணம் உண்டு, யாரிடம் என்ன கோபம் என்ற கதை உண்டு. ஜெட்ஸில் ஐஸ் (டக்கர் ஸ்மித்), ஆக்‌ஷன் (டோனி மோர்டென்டே), ஏ-ராப் (டேவிட் விண்டர்ஸ்), பேபி ஜான் (எலியட் ஃபெல்ட்), ஸ்னோபாய் (பெர்ட் மைக்கேல்ஸ்), டைகர் (டேவிட் பீன்) என்று வரிசை போகும். ஷார்க்ஸில் சீனோ (ஹோசே டி வேகா), இண்டியோ (கஸ் டிரிகோனிஸ்), லோக்கோ (ஜெய்மி ராஜர்ஸ்) என்று தொடரும்.

ஷார்க்ஸின் கஸ் டிரிகோனிஸும், ஜெட்ஸ் பக்கம் கிராசியெல்லாவாக வரும் ஜினா டிரிகோனிஸும் நிஜத்தில் அண்ணன் தங்கை. கும்பலாக ஆடும் போட்டோ கிடைத்தால் இருவரையும் தேடிப் பாருங்கள், எதிரெதிர்ப் பக்கத்தில் இருப்பார்கள். பேபி ஜானாக வந்த ஃபெல்ட் அப்போது பதின்பருவம் முடியாத பையன். பிற்பாடு அமெரிக்காவின் முக்கியமான நடன அமைப்பாளர்களில் ஒருவரானார்.

“ஒத்திகை போட்டோவில எல்லாரும் முட்டியில ஏதோ கட்டியிருக்காங்களே, அடிபட்டுச்சா?”

அடிபடாமலிருக்கக் கட்டியது. அடியும் பட்டது. ராபின்ஸின் நடனத்தில் முழங்காலால் தரையில் விழுந்து சறுக்கி எழும் அசைவுகள் நிறைய. முக்கியமாக ‘கூல்’ பாட்டில். தாழ்ந்த கூரை போட்ட வண்டிக் கொட்டகை செட். கோபத்தை வெளியே காட்டக் கூடாது என்று பல்லைக் கடித்து அடக்கும் பையன்கள், பெண்கள். அடக்க அடக்க அது உடம்பில் வெடித்து வெடித்து வரும். ராபின்ஸுக்கு ஒரு டேக் பிடிக்காவிட்டால் இன்னொன்று, அதுவும் பிடிக்காவிட்டால் மற்றொன்று. விளக்குகளின் சூடு வேறு. அந்தப் பாட்டு முடிந்ததும் நடனக் கலைஞர்கள் தங்கள் முட்டிப்பட்டைகளைக் கொண்டுபோய் ராபின்ஸின் அலுவலக வாசலில் போட்டு எரித்தார்கள். நடந்த விஷயம்தான், பலரும் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள்.

அதற்காக அவர்கள் அவரை வெறுத்தார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பயமும் பக்தியும் ஒன்றாக இருந்தன. ஒத்திகைப் போட்டோக்களில் அவர் ஆடிக் காட்டும்போது சுற்றி நிற்பவர்களின் கண்களைப் பாருங்கள். ஒருவரும் வேறு பக்கம் பார்க்க மாட்டார்கள்.

“சில கலர் போட்டோ கலங்கித் தெரியுதே. கேமரா ஆடிடுச்சா?”

ஹாஸ் தெரிந்தே செய்தது. அவர் காலத்துக் கோடாக்குரோம் என்ற வண்ணச் சுருளின் வேகம், அதாவது ஒளியை உணரும் திறன், வெறும் 10 ஏஎஸ்ஏ. இன்றைய கைப்பேசிக் கேமரா சாதாரணமாகப் பயன்படுத்துவதைவிடக் குறைவு. அதில் ஓடுகிறவரை உறையவைப்பது கடினம். ஹாஸ் அந்தக் குறையையே கைக்கொண்டு, ஷட்டரை மெதுவாக வைத்து, ஆடுகிறவர் போகும் திசையில் கேமராவையும் கூடவே திருப்பினார். முகமும் மார்பும் ஓரளவு நிலைத்திருக்க, கைகால்கள் சாயம் கரைந்ததுபோல் நீளும். காளைச் சண்டையை அவர் இதே முறையில் எடுத்த வண்ணத் தொடர் 1957-ல் ‘லைஃப்’ பத்திரிகையில் வந்து பெரும் பேச்சாகியிருந்தது.

நடனத்தை எடுப்பவருக்கு இரண்டு வழிகள். துள்ளலின் உச்சியில், மேலே போவது நின்று கீழே வருவது தொடங்காத அந்தக் கணத்தில் அழுத்தினால் மிதப்பது கிடைக்கும். அதற்கு முன்னோ பின்னோ மெதுவான ஷட்டரில் அழுத்தினால் வேகம் கிடைக்கும். முன்னது ஆட்டத்தின் வடிவம், பின்னது ஆட்டத்தின் விசை. மேலே சொன்ன மூவர் போட்டோ முன்னதற்கு உதாரணம். ஒரு கலைஞரின் பயிற்சியைப் புரிந்துகொள்ள அதுதான் உதவும் என்பேன். அந்தத் தெருவின் சூட்டை உணர ஹாஸிடம் போக வேண்டும்.

“கலர் படம்தானே? அப்புறம் ஏன் பாதி போட்டோ கறுப்பு வெள்ளை?”

அன்றைய நாளிதழ்களும் பல பத்திரிகைப் பக்கங்களும் கறுப்பு வெள்ளையில்தான் அச்சாயின. அவற்றுக்கு அனுப்பக் கறுப்பு வெள்ளை போதும், செலவும் குறைவு. இருட்டான ஒத்திகை அறையில் எடுக்க வேகமான சுருளும் அதில்தான் கிடைத்தது.

“ஆடும்போது பக்கத்தில நின்னு ‘கிளிக்’ பண்ணினா அந்தச் சத்தம் படத்தில பதிவாகாதா?”

பாட்டுக் காட்சியில் அந்தத் தொல்லை குறைவு. நம் படங்களைப் போலத்தான் அதிலும் பாட்டை முன்கூட்டியே பதிவு செய்து, தளத்தில் ஒலிக்கவிட்டு அதற்கு ஆடினார்கள், வாயசைத்தார்கள். அங்கே எழும் சத்தம் படத்துக்குத் தேவையில்லை. வசனக் காட்சியில்தான் சிக்கல். அதற்கென ஸ்டில் கேமராவை ஒலி கசியாத பெட்டிக்குள் வைத்து எடுக்கும் வழக்கம் இருந்தது. நடனப் போட்டோக்களில் கேமரா அவ்வளவு நெருக்கமாகப் போயிருப்பதற்கு இந்தச் சுதந்திரமும் ஒரு காரணம்.

“மரியாவா நடிச்ச நதாலி வுட் நிஜமாவே ஆடினாங்களா? பாடினது அவங்க இல்லைன்னு சொல்றாங்களே?”

பாடியவர் மார்னி நிக்சன். டோனியாக நடித்த ரிச்சர்ட் பெய்மருக்குப் பாடியவர் ஜிம் பிரையன்ட். ஆட்டம் நதாலியுடையதே. ஆனால் அவர் தேர்ந்த நடனக்காரர் இல்லை, அவருக்கேற்ற அளவில்தான் அசைவுகள் அமைந்தன. அனிதாவாக வந்த ரீட்டா மொரேனோவுக்கு நடனப் பின்னணி இருந்தாலும் ஆட்டத்தை விட்டுப் பல வருடமாகியிருந்தது. திரும்பப் பயிற்சிக்குப் போய்த்தான் இந்த வேடத்துக்குத் தயாரானார். அவரும் ஆஸ்கர் வென்றார். ரிஃப்பாக வந்த ரஸ் டாம்ப்ளின் அடிப்படையில் குட்டிக்கரண வித்தைக்காரர். அவர் போட்டோக்களில் துள்ளல்கள் மற்றவர்களிலிருந்து வேறு மாதிரி இருப்பது அதனால்தான்.

“ராபின்ஸ் எல்லா ஒத்திகை போட்டோவிலும் இருக்கார். நடனக் கூடக் காட்சி எடுக்கிற போட்டோவில மட்டும் ஏன் காணோம்?”

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். பாதிக்கு மேல் படப்பிடிப்பு முடிந்த நிலையில் அவரை நீக்கிவிட்டார்கள். முட்டிப்பட்டைக் கேள்வியில் சொன்ன அதே பிடிவாதம்தான் காரணம். எத்தனை டேக் எடுத்தாலும் அவருக்குத் திருப்தி வரவில்லை. நாளும் பணமும் திட்டத்தைத் தாண்டி ஓடின. அதற்குள் தெரு நடனம், ‘அமெரிக்கா’, ‘கூல்’ போன்றவை முடிந்திருந்தன. மிச்சத்தை அவர் ஏற்கெனவே பழக்கியிருந்த அசைவுகளைக் கொண்டு, அவருடைய உதவியாளர்களின் துணையோடு வைஸ் எடுத்து முடித்தார்.

அந்த உதவியாளர்களில் இருவர் ஜெட்ஸ் கும்பலிலேயே ஆடியவர்கள். டோனி மோர்டென்டே, டாமி அபட். ஜெட்ஸ் உடையில் இருப்பவர் மற்றவர்களுக்குக் கையைப் பிடித்துச் சொல்லித்தருவதுபோல் ஒரு போட்டோ கிடைத்தால் ஆச்சரியப்பட வேண்டாம். ராபின்ஸின் பெயர் இயக்குநராகப் படத்தில் நிலைத்தது. 1962 ஆஸ்கர் விழாவில் இருவரும் சிறந்த இயக்குநர் விருதைப் பகிர்ந்துகொண்டார்கள். ஒரு விருதை இருவர் பகிர்ந்தது அதுவே முதல்முறை. மேடையில் ஒருவருக்கொருவர் நன்றி சொல்லிக்கொள்ளவில்லை. நடன அமைப்புக்காக ராபின்ஸுக்குத் தனியாக ஒரு கௌரவ ஆஸ்கரும் அன்று தரப்பட்டது.

“ஷார்க்ஸ் எல்லாருக்கும் முகத்தில ஒரே நிறம். ஒத்திகையில அப்படி இல்லையே?”

இல்லை. அதுதான் இந்தப் போட்டோக்கள் சாட்சியாக நிற்கும் இடம். ஷார்க்ஸாக நடித்தவர்களுக்கெல்லாம் ஒரே அடர் பழுப்பு மேக்கப் பூசினார்கள். பெர்னார்டோவாக நடித்த சக்கிரிஸ் கிரேக்கக் குடும்பத்தில் பிறந்தவர். ரீட்டா மொரேனோ மட்டும்தான் முக்கிய வேடங்களில் புவேர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர், ஊர் உமக்காவோ. அவருக்கும் அதே பூச்சு. எங்கள் தீவில் எல்லா நிறத்திலும் மனிதர்கள் இருக்கிறார்கள், எதற்கு ஒரே நிறம் என்று அப்போதே கேட்டதாகப் பின்னாளில் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

ஒத்திகையில் வியர்த்த முகங்களோடு நிற்கும் அவர்களையும், மேக்கப்புக்குப் பிறகு அதே ஆட்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒவ்வொருவராகத் தெரிந்தவர்கள் ஒரு ‘வகை’யாக மாறிப்போவது புரியும். எல்லாருக்கும் பெயரும் குணமும் கொடுத்த படம் முகத்தில் இப்படிச் செய்தது எனக்கு இன்றும் உறுத்துகிறது. படத்தின் நடனத்தை மதிக்கிறேன் என்பதற்காக இதைச் சொல்லாமல் விட முடியாது.

“இது 1957 மேடையா, 1961 படமா, புதுப் படமா? எல்லாம் கலந்து கிடக்கு, எப்படிப் பிரிக்கிறது?”

ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய புதிய படம் 2021-ல் வந்த பிறகு இந்தக் குழப்பம் கூடிவிட்டது. ரீட்டா மொரேனோ அதிலும் வேறொரு வேடத்தில் இருப்பதால் பெயரை வைத்துத் தேடினால் இரண்டும் வந்து விழும். நான் பிடிக்கும் நூல் ‘கூல்’ பாட்டு. மேடையில் அதை நடத்துபவன் ரிஃப். 1961 படத்தில் பாட்டின் இடத்தை மாற்றினார்கள். ரிஃப் இறந்த பிறகு வருகிறது, ஐஸ் பாடுகிறான், கொட்டகைக்குள் நடக்கிறது. எனவே ‘கூல்’ என்று எழுதியிருக்கும் போட்டோவில் ரிஃப் நடுவில் ஆடினால் அது மேடை. தாழ்ந்த கூரையும் வண்டிகளும் இருந்தால் 1961. சிதைந்த படகுத் துறையில் டோனியும் ரிஃப்பும் துப்பாக்கிக்காக மல்லுக்கட்டினால் 2021.

‘அமெரிக்கா’ இன்னும் சுலபம். மேடையில் பெண்கள் மட்டும். 1961-ல் இரவு, மொட்டை மாடி, பெண்களும் ஆண்களும் எதிரெதிர். 2021-ல் பகல் வெளிச்சத்தில் தெருவில். ஆனால் ஒரு பொறி இருக்கிறது. 1961 படத்தில் நடனக் கூடமும் மொட்டை மாடியும் ஒரே இரவில் நடப்பதால் உடையும் ஒன்றே. அனிதாவின் ஊதா உடையை வைத்து முடிவு செய்யாதீர்கள், பின்னால் சிவப்புச் சுவர் இருக்கிறதா வானம் இருக்கிறதா என்று பாருங்கள்.

“கறுப்பு வெள்ளை போட்டோவுக்கு மென்பொருள் வச்சு கலர் ஏத்தி, முகத்தையும் தெளிவாக்கிப் போடறாங்க. நல்லாத்தானே இருக்கு?”

எனக்கு உடன்பாடில்லை. உடைகளை வடிவமைத்த ஐரின் ஷராஃப் வண்ணத்தைக் கதை சொல்லவே பயன்படுத்தினார். ஷார்க்ஸுக்குச் சிவப்பு, ஊதா, கறுப்பு. ஜெட்ஸுக்கு மஞ்சள், காவி, நீலம். பெர்னார்டோவின் சட்டை சிவப்பு. கறுப்பு வெள்ளையில் அது வெறும் நடுத்தரச் சாம்பல், மென்பொருள் அதை எந்த நிறமாகவும் ஊகிக்கும். ஊகம் தவறினால் எந்தக் கும்பல் என்பதே மாறிப்போகும். மேக்கப் விஷயத்தில் மேலே சொன்ன தோல் நிற வேறுபாடும் அதில் அழிந்துவிடும்.

முகத்தைத் தெளிவாக்குவது அதைவிட மோசம். கலங்கியிருக்கும் பின்வரிசைக் கலைஞருக்கு மென்பொருள் இல்லாத ஒரு முகத்தைச் செய்து ஒட்டுகிறது. அது பெர்ட் மைக்கேல்ஸா டேவிட் பீனா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. மங்கலாகவே இருக்கட்டும், அது அவர்களுடைய முகம்.

“பழைய பிரதி ஒண்ணு கிடைச்சது. பின்னால சீட்டு ஒட்டி, ஏதோ எண் போட்டிருக்கு. கிழிச்சுச் சுத்தம் பண்ணலாமா?”

தயவுசெய்து தொடாதீர்கள். அந்தச் சீட்டில்தான் யார், எந்தக் காட்சி, எப்போது வெளியிடலாம் என்று தட்டச்சு செய்திருப்பார்கள். எண், படத்துக்கும் அந்த ஸ்டில்லுக்கும் ஸ்டுடியோ கொடுத்த அடையாளம். 8-க்கு 10 அங்குலப் பளபளப்புத் தாள் என்றால் பத்திரிகைக்கு அனுப்பியது. 11-க்கு 14 அங்குலக் கெட்டி அட்டை என்றால் தியேட்டர் முகப்பில் வைத்தது, அது வழக்கமாக 8 அட்டை கொண்ட தொகுப்பாக வரும்.

“பழைய போட்டோதானே, எடுத்து என் புத்தகத்தில போட்டுக்கலாமா?”

பழையது என்பதால் மட்டும் முடியாது. அமெரிக்கச் சட்டப்படி, அந்தக் காலத்தில் உரிமைக் குறிப்பு இல்லாமல் அங்கே பிரசுரமான போட்டோக்கள் பொதுவுடைமையாகிவிட்டன. விளம்பரத்துக்காக வாரி வழங்கிய ஸ்டில்கள் பல அப்படி ஆனவை. குறிப்போடு 1961-ல் வெளியானவற்றுக்கு 28-ஆம் வருடத்தில் உரிமையைப் புதுப்பித்திருக்க வேண்டும், புதுப்பித்திருந்தால் 95 வருடம் செல்லும். அன்று வெளியிடாமல் பெட்டியில் கிடந்து பின்னால் வந்தவற்றுக்கு விதி முற்றிலும் வேறு.

ஆகவே போட்டோவுக்குப் போட்டோ பதில் மாறும். ஹாஸ், ஸ்வோப் போன்றவர்களின் ஆக்கங்களுக்கு உரிமை கவனிக்க ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்டுத்தான் போட வேண்டும். அமெரிக்காவில் பொதுவுடைமை என்பது மற்ற நாடுகளில் அப்படியே பொருந்தாது என்பதும் நினைவிருக்கட்டும். அச்சிடுவதாக இருந்தால் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். உரிமை தீர்ந்த போட்டோவானாலும் எடுத்தவர் பெயரும் ஆடியவர்கள் பெயரும் தெரிந்தவரை போடுங்கள்.

“அசல் பிரதிகளை எங்க போனா பார்க்கலாம்?”

நியூயார்க் பொது நூலகத்தின் நிகழ்த்துகலைக் கிளைக்கு. அதன் நடனப் பிரிவுக்குப் பெயரே ஜெரோம் ராபின்ஸ் நடனப் பிரிவு. மார்த்தா ஸ்வோப் 2010-ல் தன் வாழ்நாள் சேகரிப்பை, 10 லட்சத்துக்கும் அதிகமான போட்டோக்களை, இந்த நூலகத்துக்குக் கொடுத்தார். 1957 ஒத்திகைப் போட்டோக்கள் பலவற்றை நூலகத்தின் இணையச் சேகரிப்பிலேயே பெரிதாக்கிப் பார்க்கலாம். ஹாலிவுட் பக்கத்து ஸ்டில்களுக்கு, பெவர்லி ஹில்ஸில் ஆஸ்கர் அகாடமி நடத்தும் மார்கரெட் ஹெரிக் நூலகம்.

நியூயார்க் நூலகம் இருப்பது லிங்கன் சென்டர் வளாகத்துக்குள், 65-ஆம் தெருவை ஒட்டி. வெளியே வந்து வடக்கே மூன்று தெரு நடந்து, ஆம்ஸ்டர்டாம் அவென்யூவைக் கடந்து மேற்கே திரும்பினால் மூவர் காலைத் தூக்கி நின்ற இடத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுவீர்கள். இப்போது அங்கே லிங்கன் டவர்ஸ் அடுக்குமாடிகள் நிற்கின்றன.